நோயர் சுற்றுலாவினர் அல்லர்

சொல் பிழைபட்டால் செயலும் பிழைபடும் என்பதற்கு 'மருத்துவச் சுற்றுலா' என்னும் தொடரே போதிய சான்று. சுற்றுலா நல்ல தமிழ்ச்சொல், அதன்மேல் குறையில்லை. சுற்றும் உலாவும் கூடிப் பிறந்தது அது. உலா என்பது பண்டைநாளில் தலைவன் தெருவழியே எழுந்தருள, ஊரார் கூடிநின்று கண்டு களித்த நிகழ்ச்சி. வயிற்றில் கட்டியோடு தாக்காவிலிருந்து புறப்பட்டு வந்து, வேலூரில் மருத்துவமனைக்கு அருகே ஒரு சிற்றறையில் தங்கி, விற்றுவந்த நிலத்தின் பணம் தீருமுன் மருத்துவம் முடியுமா என்று நாளெண்ணிக் கிடப்பவன் எந்த உலாவுக்கு வந்தவன்? யார் எழுந்தருளுவதைக் காண வந்தவன்? அயல்மொழியில் வணிகர் கோத்த ஒரு தொடரைத் தமிழ் இதழ்கள் ஆராயாமல் பெயர்த்துக்கொண்டன. அரசு ஏடுகளும் ஏற்றுக்கொண்டன. விளைவு, நோயர் வருகை என்பது மருத்துவத் துறையின் கணக்கிலிருந்து நழுவி, விடுதியறையும் கடற்கரையும் விற்பாருடைய கணக்கில் போய் விழுந்தது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கொரோனா என உலகம் அழைத்த மகுடை நோய் பரவிய நாளில் இச்சொற்பிழை உயிர்ப்பிழையாக மாறிற்று.

2020 மார்ச்சு 11 அன்று இந்திய ஒன்றிய அரசு, அயலார்க்கு வழங்கியிருந்த நுழைவிசைவுகளுள் மிகப் பலவற்றை நிறுத்திவைத்து ஆணையிட்டது; 13-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. 22-ஆம் நாள் பன்னாட்டு வானூர்திப் போக்குவரத்து நின்றது. 25-இல் ஊரடங்கு. கோவாக் கடற்கரையில் களித்திருக்க வரவிருந்தவனுக்கும், சென்னையில் நான்காம் முறை புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்ள வரவேண்டியிருந்தவளுக்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு. முன்னவன் இழந்தது ஒரு விடுமுறை. பின்னவள் இழந்தது என்ன என்பதை அவள் வீட்டார்தாம் அறிவர். மகுடையால் இறந்தோர் கணக்கில் அத்தகையோர் பெயர் ஏறுவதில்லை.

முன்னரே வந்து அகப்பட்டுக்கொண்டோர் பாடு இன்னும் இரங்கத்தக்கது. மருத்துவம் முடிந்தும் ஊர் திரும்ப வழியில்லை. முடியாதவர்க்கு நாள் நீள நீளக் கைப்பணம் கரைந்தது. 2020 ஏப்பிரலில் வங்காளநாட்டாரை ஏற்றிச்செல்லச் சென்னையிலிருந்து தாக்காவுக்குத் தனி வானூர்திகள் விடப்பட்டன. மே திங்கள் 6-ஆம் நாள் காட்பாடியிலிருந்து சார்க்கண்டு மாநிலத்திற்குத் தனித் தொடர்வண்டி ஒன்று புறப்பட்டது. வேலூர்க்கு மருத்துவத்தின் பொருட்டு வந்திருந்த நோயரும் அவர்தம் உறவினரும் அதில் திரளாக ஏறிச் சென்றனர். மேற்கு வங்கத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் அயல்நாட்டார் என்னும் கணக்கில் வாராதவர்; ஆயினும் மொழி தெரியாத ஊரில் நோயோடு அடைபட்டுக் கிடந்த துன்பத்தில் இவர்க்கும் தாக்காவிலிருந்து வந்தவர்க்கும் வேற்றுமை என்ன?

கதவை அடைத்தது தவறன்று. நோயின் தன்மையும் அது பரவும் வழியும் தெளிவாகத் தெரியாத நாளில் அடைப்பதே அறிவு. அடைத்த அன்றே, மீண்டும் எவர்க்கு முதலில் திறப்பது என்னும் எண்ணம் தோன்றாமற் போனதுதான் தவறு. ஏழு திங்கள் கழிந்து, 2020 அக்தோபர் 22 அன்றுதான், மருத்துவத்திற்கு வருவோரும் அவர்க்குத் துணையாக வருவோரும் புதிதாய் நுழைவிசைவு கேட்கலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. சுற்றுலாவினர்க்கோ 2021 அக்தோபர் வரை கதவு திறக்கவில்லை. வழக்கமான பன்னாட்டு வானூர்திகள் மீண்டது 2022 மார்ச்சு 27-இல். நோயர்க்கும் சுற்றுலாவினர்க்கும் இடையே ஓராண்டு இடைவெளி விட்டதன் வாயிலாக, இவ்விருவரும் ஓரினத்தார் அல்லர் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. செயல் பிரித்துவிட்டது, சொல் மட்டும் இன்றுவரை பிரியவில்லை. முதலிலேயே பிரித்திருந்தால் அவ்வேழு திங்களுள் எத்துணைத் திங்கள் மிச்சமாயிருக்கும்!

வருகை எவ்வளவு வீழ்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 2019-இல் மருத்துவத்தின் பொருட்டு இந்திய ஒன்றியத்திற்கு வந்த அயல்நாட்டார் ஏறத்தாழ 7 இலக்கம் பேர். 2020-இல் அவ்வெண் 2 இலக்கத்திற்கும் கீழ் இறங்கிற்று. 2023-இல் மீண்டும் 6 இலக்கத்தைத் தாண்டியது. அவருள் பெரும்பகுதியினர் வங்காளநாட்டார். (2024-இல் அந்நாட்டில் நேர்ந்த ஆட்சிமாற்றத்திற்குப் பின் அவர்தம் வருகை நுழைவிசைவுக் கெடுபிடியால் மீண்டும் சுருங்கியது வேறு கதை, அதற்குக் கரணியம் தொற்றன்று, அரசியல்.)

வருகை வீழ்ந்ததும் முதலில் கூக்குரல் எழுப்பியோர் நோயர் அல்லர். வணிகர். கிரீம்சு சாலைப் பக்கம் வங்காள எழுத்தில் பலகை தொங்கவிட்டிருந்த விடுதிக்காரரும் உணவுக்கடைக்காரரும் அழுததில் முறையுண்டு. அவர்க்கு அதுவே பிழைப்பு. ஆனால் பெருமருத்துவமனை முதலாளிமாரின் அழுகை வேறு வகையைச் சார்ந்தது. உள்ளூரார்க்கு மகுடை மருத்துவம் செய்வதில் கட்டணத்திற்கு வரம்பு விழுந்தது. 2020 சூனில் தமிழ்நாட்டரசு, உயிர்காப்புப் பிரிவிற்கே நாளொன்றுக்கு 15,000 உருபாவிற்கு மேல் பெறலாகாது என்று வரையறுத்தது. அயல்நாட்டு நோயர்க்கோ அத்தகைய வரம்பு இல்லை. ஆகலின் 'மீட்டெடுக்க வேண்டும், உலகச் சந்தையில் இடம் போய்விடும்' என்னும் பேச்சு எழுந்தது. எதை மீட்பது? நோயரையா, வருவாயையா? இவ்விரண்டும் ஒரே வண்டியில் வருவன ஆயினும் ஒன்றல்ல. வருவாயை முன்வைத்துக் கதவு திறந்தால், தள்ளிப்போடக்கூடிய மூட்டு மாற்றமும் அழகு அறுவையும் முதலில் நுழையும். கையில் பணம் குறைந்து, உடலில் நோய் முற்றியவன் வாயிலிலேயே நிற்பான்.

இதற்கு எதிர்முனையில் மற்றொரு குரல் உண்டு. அது தமிழ் உணர்வாளரிடமிருந்தே எழுவது. 'தமிழ்நாட்டுப் படுக்கை தமிழர்க்கே. கொள்ளைநோய்க் காலத்தில் அயலானுக்கு இங்கென்ன வேலை?' என்பது அக்குரல். அதனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2021 மே திங்களை எவரும் மறந்திரார். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேர்க்குத் தொற்று உறுதியாயிற்று. சென்னை அரசு மருத்துவமனைகளின் வாயிலில் நோயாளர் ஊர்திகள் வரிசையாக நின்றன. படுக்கை கிடைக்குமுன் ஊர்திக்குள்ளேயே உயிர்விட்டோர் உண்டு. மே 4 இரவு செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்தனர். உயிர்வளி குறைந்தமையே கரணியம் என உறவினர் கதறினர், அலுவலர் மறுத்தனர். அந்த இரவை நினைப்பவன், தமிழ்நாட்டுப் படுக்கையில் அயலானுக்குப் பங்கு என்றால் சினப்பதில் வியப்பில்லை.

ஆயினும் சினம் கணக்காகாது. படுக்கைக்கு ஏங்கி நின்ற அந்நாளில் வங்காளநாட்டுப் புற்றுநோயன் ஒருவன் செங்கற்பட்டானின் உயிர்வளியைப் பறித்துக்கொள்ளவில்லை. பறித்தது திட்டமின்மை. மேலும், தமிழன் தானே அயல்நாட்டில் நோயனாய்க் கிடக்கவில்லையா? 2020 ஏப்பிரல் முதல் சிங்கப்பூரில் தொழிலாளர் தங்குவிடுதிகளில் தொற்று பெருகியபோது அங்குக் கிடந்தோருள் தமிழ்நாட்டு இளைஞர் ஏராளம். அந்நாட்டரசு அவர்களைத் தன் செலவில் மருத்துவம் பார்த்தது. விடுதிகளில் அவர்களை நெருக்கி அடைத்ததும் பின்னர் நெடுநாள் வெளியே விடாததும் குற்றமே. ஆயினும் 'எம் படுக்கை எமக்கே' என்று அவர்களை மருத்துவமனை வாயிலில் நிறுத்தவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்னைக்கு மருத்துவம் நாடி வரும் ஈழத்தமிழனும் நுழைவிசைவுத் தாளில் அயல்நாட்டானே என்பதையும் அக்குரல் எழுப்புவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எனவே வினா, திறப்பதா அடைப்பதா என்பதன்று. எவ்வரிசையில் திறப்பது என்பதே. இவ்விடத்தில் தென்கொரிய நாட்டின் பட்டறிவு தமிழ்நாட்டிற்கு மிக நெருங்கியது. அந்நாடும் அயல்நோயரை விரும்பி அழைத்து வளர்த்த நாடு. 2009-இல் ஏறத்தாழ 60,000 அயல்நோயர் சென்ற அந்நாட்டிற்கு 2014-இல் 2,66,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். மறு ஆண்டே அந்நாட்டு மருத்துவமனைகளுக்குள் மெர்சு எனப்படும் மூச்சுத்தொற்று புகுந்தது. நடுக்கிழக்கு நாடுகளுக்குச் சென்று திரும்பிய ஒருவருக்கு 2015 மே 20 அன்று நோய் உறுதியாயிற்று. முடிவில் 186 பேரைப் பற்றி 38 பேரைக் கொன்றது. பரவல் தெருவிலோ சந்தையிலோ நிகழவில்லை, மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்ந்தது. சியோல் நகரின் புகழ்பெற்ற சாம்சங் மருத்துவமனையில், உடனடி மருத்துவப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்த ஒரே நோயரிடமிருந்து 82 பேர்க்குத் தொற்றிற்று. அவ்வெண்பத்திருவருள் நோயர் 33 பேர், பணியாளர் 8 பேர். எஞ்சிய 41 பேர் நோயரைப் பார்க்கவும் பேணவும் வந்திருந்தோர். பாதி!

அந்நாட்டரசு முதலில் செய்த பெரும்பிழை மறைத்தது. எந்தெந்த மருத்துவமனைகளில் தொற்று என்பதை வெளியிட்டால் அச்சம் பரவும், மருத்துவமனைகள் நட்டமடையும் என்று வாய்மூடி இருந்தது. மக்கள் சும்மா இருப்பரோ? எல்லா மருத்துவமனைகளையும் ஐயுற்றனர். ஒன்றின் பெயரைக் காக்கப் போய் அனைத்தின் பெயரும் கெட்டது. சூன் 7 அன்றுதான் மருத்துவமனைகளின் பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. சூன் 23-இல் அம்மருத்துவமனையை நடத்தும் குழுமத்தின் வழித்தோன்றல் மக்கள்முன் தலைதாழ்த்தி மன்னிப்பு வேண்டினார். சூலையில் அந்நாட்டிற்கு வந்த அயலார் தொகை முந்தைய ஆண்டுச் சூலையினும் பாதிக்கும் கீழாய்ச் சரிந்தது.

மீட்பதற்கு அவ்வரசு இரு வழிகளைக் கையாண்டது. ஒன்று, வந்து செல்லும் அயலார் மெர்சு நோய்க்கு ஆளாயின் ஈட்டுத்தொகை உண்டு என்று காப்பீடு அறிவித்தது. இது கடைக்காரன் அறிவு. 'எம் கடைச் சோற்றில் நஞ்சிருந்து செத்தால் பணம் தருவோம்' என்று பலகை எழுதி மாட்டுவதை ஒக்கும். அப்பலகையைக் கண்டு உண்ண வருபவன் யார்? மற்றொன்று அரசன் அறிவு. தொற்று எங்குள்ளது, நோயர் எவ்வழிச் சென்றார், எம்மருத்துவமனையில் இருந்தார் என்பவற்றை வெளியிட்டே ஆகவேண்டும் என்று தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்திற்று. உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாத தனியறைகளைப் பெருமருத்துவமனைகள் அமைக்க வேண்டும் என நெறி வகுத்தது. உடனடி மருத்துவப் பிரிவில் உறவினர் கூட்டங்கூடுவதைக் கட்டுப்படுத்திற்று. பயன் என்ன? நோய் தாக்கிய அவ்வாண்டிலேயே, ஆண்டிறுதிக் கணக்கில், அயல்நோயர் தொகை முந்தைய ஆண்டைவிடக் குறையவில்லை. 2016-இல் 3,64,000-ஐத் தாண்டியது. ஆண்டுக்கணக்கில் உயர்வுக்கு வேறு கரணியங்களும் இருக்கலாம். ஆனால் மறைத்த கிழமைகளில் ஓடியவர், சொன்னபின் திரும்பினர் என்பது மறுக்கவொண்ணாதது.

அந்தப் பாதி, அந்த 41 பேர், தமிழ்நாட்டு மருத்துவமனை மேலாளர் ஒவ்வொருவரும் தம் மேசைமேல் எழுதிவைக்கத் தக்க எண். கொரியரைப் போலவே தமிழரும் நோயரைத் தனியே விடுவதில்லை. ஒருவர் படுத்தால் நால்வர் சூழ்ந்திருப்பர். அயல்நாட்டு நோயர் ஒருவருக்கு இருவர் துணைவர ஒன்றிய அரசின் நெறியே இசைவளிக்கிறது. எனவே நோயர் ஆயிரவர் என்றால் வருவோர் மூவாயிரவர். இவர்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், விடுதியின் பொதுச் சமையற்கட்டில், மருந்துக்கடை வரிசையில் கலந்து நிற்பர். படுக்கையில் கிடப்பவனுக்கு ஆய்வு செய்து தூய்தாக்கிவிட்டு, பாய்விரித்து வெளியே கிடப்பவனை மறந்தால் என்ன காவல் அது? மூச்சுத்தொற்று நடக்கும் நாளில் துணைவருவோர் ஒருவர். அவர்க்கும் நோயர்க்குச் செய்யும் அதே ஆய்வு. அவர் தங்க மருத்துவமனையே பொறுப்பேற்று அமைக்கும் இடம். இம்மூன்றும் இல்லாத மருத்துவமனைக்கு அயல்நோயரை ஏற்க இசைவு கொடுக்கலாகாது. செலவு கூடும் என்பர். கூடட்டும், வரம்பின்றிக் கட்டணம் பெறுவோர் அதனைத் தாங்குக.

அடுத்து, வந்தே ஆகவேண்டியவர் யார் என்பது. இதில் சென்னைக்கே ஒரு பெருமை உண்டு, சென்னையார்தாம் மறந்துவிட்டனர். 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் என்புருக்கி நோயர்க்கு ஒரு நலவாழ்வு மனை நிறுவினார். அந்நாளில் என்புருக்கியும் மூச்சுவழித் தொற்றே. நோயரை ஊரிலிருந்து பிரித்து, நற்காற்றும் நல்லுணவும் அளித்துத் திங்கட்கணக்கில் வைத்திருப்பதே மருத்துவம் என்று உலகம் நம்பியது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வு அந்நம்பிக்கையை உடைத்தது. ஒத்த நிலையிலிருந்த நோயரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை மனையில் வைத்தும், மற்றொரு கூற்றாரை நெருக்கடி மிக்க அவர்தம் குடிசையிலேயே இருக்கவிட்டு மருந்து கொடுத்தும் பார்த்தனர். ஓராண்டு முடிவில் இரு கூற்றாரும் ஏறத்தாழ ஒப்பவே தேறினர்; வீட்டிலிருந்தோரின் உறவினர்க்குத் தொற்று மிகுந்துவிடவும் இல்லை. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் என்புருக்கி மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று. நோயரை அலைக்கழிக்காமலே நலப்படுத்தக் கூடுமாயின் அலைக்கழிக்காதே என்பது சென்னை உலகிற்குக் கற்பித்த பாடம்.

அதனை அயல்நோயர் செய்தியிலும் கடைப்பிடித்தால் வரிசை தானே அமைந்துவிடும். அறுவை முடிந்து ஊர் சென்றவர் ஆறு திங்களுக்கொரு முறை காட்டிக்கொள்ள வருவதைத் தொற்றுநாளில் நிறுத்தி, அவர்தம் ஊர் மருத்துவரோடு சென்னை மருத்துவர் தொலைவழிப் பேசி முடிக்கலாம். குருதி ஆய்வுக்கும் படமெடுப்பிற்கும் கடல் கடக்க வேண்டுவதில்லை. தள்ளிப்போடக் கூடியது எதுவாயினும், அது தமிழனுடையதாயினும் அயலானுடையதாயினும், தள்ளப்படுக. தள்ளவொண்ணாதது, புற்றுநோய்க்கு இடைவிடாது ஏற்றவேண்டிய மருந்தும், குழந்தையின் நெஞ்சாங்குலைக் குறையும், உறுப்பு மாற்றியவர்க்கு நேரும் இடரும், எவனுடையதாயினும் ஏற்கப்படுக. உறுப்பு மாற்றில் இத்தகைய முறைவரிசை முன்னரே உண்டு: இறந்தார் ஈந்த உறுப்பு, பொருந்தும் உள்நாட்டார் எவரும் இல்லாதபோதே அயல்நாட்டார்க்குச் செல்லலாம். 2018-இல் அவ்வரிசை மீறப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது என்பதும் உண்மை. எழுதிவைத்த வரிசையைக் காக்கவே அத்துணைப் பாடென்றால், எழுதாத வரிசையின் கதி என்ன?

இனி மொழி. பெருமருத்துவமனைகளில் அயல்நோயர்க்கென வங்காளமும் அரபும் பேசுவோரை அமர்த்தியிருக்கின்றனர். நன்று; வேண்டியதே. தனக்கு என்ன செய்யப் போகிறார் என்பது தெரியாமல் கத்தியின்கீழ் படுப்பது கொடுமை. ஆனால் அதே மருத்துவமனையில் திருவண்ணாமலை உழவன் கையொப்பமிடும் அறுவை உடன்பாட்டுத்தாள் பெரும்பாலும் எம்மொழியில் இருக்கிறது? வீடு செல்கையில் அவன் கையில் கொடுக்கும் குறிப்பு எம்மொழியில்? ஆங்கிலத்தில். தாக்காவிலிருந்து வந்தவனுக்குக் கிடைக்கும் விளக்கம் தன் நாட்டிலேயே தமிழனுக்குக் கிட்டவில்லை. தொற்றுநாளில் இக்குறை இடராகிறது. தனித்திருக்க வேண்டிய நாளெத்தனை, எவ்வறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும், ஆய்வுமுடிவின் பொருள் என்ன என்பவை விளங்காத தாளில் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டால், அத்தாள் தொற்றைத் தடுக்காது.

2021-இல் தமிழ்நாட்டரசு ஒரு நற்செயல் செய்தது. எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை வெறுமையாய் உள்ளது என்பதை இணையத்தில் எவரும் காண வெளியிட்டது. அடுத்த தொற்றுக்கு அப்பட்டியலே அடிப்படையாகட்டும். படுக்கையோடு, அம்மருத்துவமனைக்குள்ளே பற்றிய தொற்று எத்தனை பேர்க்கு என்பதும், அயல்நோயர் எத்தனைவர் உளர் என்பதும் அதில் ஏறட்டும். உயிர்வளிப் படுக்கைக்கு உள்ளூரார் வரிசையில் நிற்கும் நாளில், தள்ளக்கூடிய அறுவைக்கு எவனும் உள்ளே இல்லை என்பதைச் செங்கற்பட்டானும் பார்த்துக்கொள்ளலாம். எம்மருத்துவமனைக்குச் செல்வது ஏதமற்றது என்பதைத் தாக்காவில் இருப்பவனும் பார்த்துக்கொள்ளலாம். 2003, 2009, 2015, 2020 என மூச்சுத்தொற்றுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்தது வந்தபின் எண்ணத் தொடங்குவோமானால் மீண்டும் ஏழு திங்கள் போகும். இவ்வரிசையை வகுத்து எழுதும் பொறுப்பு மக்கள் நல்வாழ்வுத் துறையினுடையது. சுற்றுலாத் துறைக்கு இதில் வேலையில்லை.